நகலில் சாமி இருக்கா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தேக்கா நிலையத்தில் டீ குடித்துவிட்டு, பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளைத் தாண்டி நாங்கள் நாலைந்து பேர் நடந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு பாத்திரக் கடை வாசலில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பித்தளை நடராஜர். எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடைக்கார அக்காவிடம் "ஒரு நிமிஷம் அக்கா, எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு, கைப்பேசியை நடராஜரைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் கொண்டுவந்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் அதே நடராஜர். விரலால் திருப்பினால் திரும்புகிறார், பின்பக்கம் காட்டுகிறார், தலைகீழாகக்கூட நிற்கிறார்.

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "காசு குடுக்காமலே சாமியைத் தூக்கிட்டுப் போறியே தம்பி!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் தம்பி சிரிக்கவில்லை. எம்ஆர்டி நிலையத்துக்குள் இறங்கும்போது என்னிடம் கேட்டான்: "அண்ணா, நிஜமாவே ஒரு சந்தேகம். இதை முப்பரிமாண அச்சுல எடுத்து, வார்த்து, பூஜையில வச்சா அது சாமியா, பொம்மையா? ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இல்லாம செஞ்சா?"

அவன் ஏன் என்னிடம் கேட்டான் என்றால், என் வேலையே அதுதான். ஒரு பொறியியல் நிறுவனத்தின் அளவெடுக்கும் அறையில் இருக்கிறேன். பொருள்களின் மேல் ஒளியைப் பாய்ச்சி அவற்றின் உருவத்தை அளப்பது என் அன்றாட வேலை. ஆனால் அவன் கேட்டது அளவைப் பற்றிய கேள்வி இல்லை. அன்றைக்கு "அப்புறம் பேசுவோம்டா" என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்தப் பேச்சை இப்போது எழுதுகிறேன். நழுவியதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

ஒளி எப்படி அளக்கிறது?

காலையில் வெயில் நம் வீட்டு இரும்புக் கேட் வழியாக உள்ளே விழுவதைக் கவனித்திருப்பீர்கள். தரையில் கம்பிகளின் நிழல் நேர்க்கோடாக விழும். அதே நிழல் ஒரு தலையணை மேல் விழுந்தால் வளைந்துவிடும். தூங்குகிற குழந்தையின் முகத்தில் விழுந்தால் நெற்றியில் ஒரு மாதிரி, மூக்கில் ஒரு மாதிரி, கன்னத்தில் இன்னொரு மாதிரி நெளியும். கோடு எங்கே, எவ்வளவு நெளிந்தது என்று பார்த்தாலே மேடு எது, பள்ளம் எது என்று சொல்லிவிடலாம்.

ஒளிவருடியின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு பக்கத்திலிருந்து லேசர் கோட்டையோ வரிவரியான ஒளியையோ பொருளின்மேல் பாய்ச்சுவார்கள். வேறொரு கோணத்திலிருந்து கேமரா பார்க்கும். ஒளி வரும் இடம் தெரியும், கேமரா இருக்கும் இடம் தெரியும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் தெரியும். மூன்றாவது புள்ளியைக் கண்டுபிடிக்க, உயர்நிலைப் பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கு போதும். அதையே கணினி லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்கிறது. தொழிற்சாலைகளில் பயன்படும் நல்ல கருவிகள் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசத்தையும் பிடித்துவிடும்.

கோயில் கோபுரம் மாதிரி பெரியவற்றுக்கு வேறு வழி. லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளப்பார்கள். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் போகும். குஜராத்தின் பாட்டனில் இருக்கும் ராணி கீ வாவ் படிக்கிணற்றை 2011இல் இப்படித்தான் லேசரால் அளந்து பதிவு செய்தார்கள். பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டேலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் இப்படி அளந்து வைத்திருந்தார். 2018இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15இல் தேவாலயம் தீப்பற்றியது. அவர் விட்டுப்போன அளவுகள் பின்னால் அதைத் திரும்பக் கட்டியவர்களுக்குக் கைகொடுத்தன.

மூன்றாவது வழிக்குத் தனிக் கருவியே வேண்டாம். பல கோணங்களில் நிறையப் படங்கள் எடுத்து, ஒரே புள்ளி ஒவ்வொரு படத்திலும் எங்கே இருக்கிறது என்று கணினியைப் பொருத்திப் பார்க்கச் செய்தால் உருவம் கிடைத்துவிடும். இன்றைய கைப்பேசிகள் இதையும், ஒளி திரும்பும் நேரத்தை அளப்பதையும் செய்கின்றன.

அப்பாயியின் அம்மன்

இப்போது நான் நழுவியதற்கான காரணம்.

என் அப்பாயி கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர். தகரப் பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றி ஒரு சாண் உயர அம்மனைக் கொண்டுவந்தார். கம்பத்து வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கும் அங்கிருந்து அடுக்குமாடிக்கும் அந்த அம்மன் கூடவே வந்தாள். வியாழக்கிழமை ராத்திரி புளி போட்டுத் தேய்ப்பார். வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லி. அப்பாயி தேய்த்துத் தேய்த்து அம்மனுக்கு மூக்கே மழுங்கிப்போய்விட்டது. சின்ன வயதில் நான், "அம்மனுக்கு ஏன் மூக்கு இல்ல?" என்று கேட்டால், "அவ நம்ம வீட்டுப் பொண்ணுடா, வேலை செஞ்சு தேஞ்சுபோயிட்டா" என்பார்.

அப்பாயி போன பிறகு அம்மன் யார் வீட்டுக்கு என்ற பேச்சு வந்தது. பெரியப்பா மூத்தவர். அப்பாதான் கடைசிவரை கூட இருந்தவர். அத்தை ஒரே மகள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதுதான் கஷ்டம். தீபாவளிக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்துபோனது.

நான் சொன்னேன்: "நான் அளந்து தர்றேன். அச்சு அசலா இன்னும் ரெண்டு செஞ்சுடலாம்." மேலதிகாரியிடம் கேட்டு, வேலை முடிந்த ஒரு மாலையில் அம்மனைக் கொண்டுபோனேன். பளபளப்பான உலோகம் ஒளிவருடிக்கு ஆகாது. பட்ட ஒளி கண்ணாடிபோல் வேறெங்கோ தெறித்துவிடும், கேமராவுக்குக் கோடு தெரியாது. அதனால் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்றைத் தூவுவோம். சில மணி நேரத்தில் அது தானாக ஆவியாகிவிடும். அம்மன்மேல் தூவக் கை வரவில்லை. கூட வந்திருந்த அத்தைதான், "விபூதி மாதிரின்னு நெனச்சுக்கோ. கும்பிட்டுட்டுப் போடு" என்றார்.

அளந்து முடித்தபின் திரையில் அம்மன் நின்றாள். இடது பாதியையும் வலது பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அது தொழில் பழக்கம். ஒரு கன்னம் மற்றதைவிடத் தட்டையாக இருந்தது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக. அப்பாயியின் கட்டைவிரல் எந்தப் பக்கம் அழுத்தும் என்று யோசித்தேன். உடனே என்னைத் தடுத்துக்கொண்டேன். வார்க்கும்போதே இருந்த வித்தியாசம் எவ்வளவு, தேய்ந்தது எவ்வளவு என்று கருவி சொல்லாது. மேற்பரப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஏன் அப்படி ஆனது என்பதை வேறு யாரிடமாவது கேட்க வேண்டும். இங்கே அந்த 'வேறு யாரோ' உயிரோடு இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூன்றையும் ஒரே மாதிரி செய்து, நகலையும் கொஞ்சம் பழசாக்கி, மூன்று வீட்டிலும் "இதுதான் அப்பாயியோடது" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டால்? எல்லோருக்கும் சந்தோஷம். குடும்பம் ஒன்றாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. உண்மை எனக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?

சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல எண்ணத்தில்தான் வந்தது. என்னால் செய்திருக்கவும் முடியும்.

சிவபுரத்தில் நடந்தது

என்னைத் தடுத்தது ஒரு பழைய கதை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் என்றொரு ஊர். 1951இல் அங்கே மண்ணுக்கு அடியிலிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று சோழர்கால நடராஜர். ஊர்க் கோயிலில் எழுந்தருளச் செய்தார்கள். 1950களின் நடுவில் பழுது பார்ப்பதற்காக அந்த நடராஜர் வெளியே அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது அவர் இல்லை, அவரைப் பார்த்துச் செய்த நகல். மூலத் திருமேனி கைமாறிக் கைமாறிப் போனது. ஊருக்கு ஒன்றும் தெரியாது. அபிஷேகம் நடந்தது, தீபாராதனை நடந்தது, ஆருத்ரா தரிசனம் நடந்தது.

1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பேரட் சோழர்காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று குறிப்பிட்டார். அதற்குப் பிறகும் மூலம் வெளிநாட்டுக்குப் போனது. 1973இல் அமெரிக்கச் செல்வந்தர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை அதை வாங்கியது. இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976இல் சமரசம் ஏற்பட்டது, 1986இல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

இப்போது தம்பியின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பத்து வருஷம் அந்த ஊர் மக்கள் கும்பிட்டது யாரை? குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்து அழுத ஒரு தாயின் வேண்டுதல் எங்கே போய்ச் சேர்ந்தது? உலோகம் மாறிவிட்டது என்பதால் அந்தக் கண்ணீர் பொய்யாகிவிடுமா?

பொய்யாகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாராவது "அவங்க ஏமாந்துட்டாங்க, பொம்மையைக் கும்பிட்டாங்க" என்று சொன்னால், நம்பியவன் தலையில் குற்றத்தைச் சுமத்துகிறோம் என்று அர்த்தம். ஏமாற்றியவன் வேறு ஆள்.

ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும். அவர்களுடைய வழிபாடு பொய்யில்லை என்றால், நகல் வைத்ததில் என்ன தப்பு? மூலம் திரும்பி வராவிட்டால்தான் என்ன?

நம் மரபு என்ன சொல்கிறது?

இதற்குப் பதில் தேட நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் கோயில்களிலேயே இருக்கிறது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரே உருவம். அளவு எடுப்பது எதனால் தெரியுமா? தென்னை ஓலையால். வேண்டிய உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரிப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். உத்தம தச தாளம் என்றால் மொத்த உயரம் 124 பாகம். அதனால் "சாமியை அளக்கலாமா, அபச்சாரம் இல்லையா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, அளவு இல்லாமல் நமக்கு விக்கிரகமே இல்லை.

ஆனால் அத்தனை அளவும் சரியாக வந்த பிறகும் அது வழிபாட்டுக்கு உரியதாகிவிடுவதில்லை. கண் திறக்க வேண்டும், பிரதிஷ்டை நடக்க வேண்டும். அதுவரை அது சிற்பம்தான். பட்டறையில் அதைப் படுக்க வைப்பார்கள், அரம் போட்டு ராவுவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

அது மட்டுமில்லை. நம் ஊர்க் கோயில்களில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் குடமுழுக்கைப் பார்த்திருப்பீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். மூர்த்தியிடமிருந்து சக்தியைக் கலசத்துக்கு எழுந்தருளச் செய்து, பெரும்பாலும் ஒரு மரப்பலகையிலோ படத்திலோ வைத்து வழிபடுவார்கள். வேலை முடிந்ததும் திரும்ப மூர்த்திக்கு. அந்த நாள்களில் நாம் கும்பிடுவது ஒரு பலகையை. யாராவது குறைபட்டுக்கொள்கிறோமா?

ஆக, தெய்வம் இந்த உருவத்துக்குள் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது என்று நம் மரபு சொன்னதே இல்லை. உருவம் மாறலாம், இடம் மாறலாம். நம் தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. அதற்கு 'ஜூஜியாவ்' நிலையம் என்று பேர் வைத்தார்கள். மக்கள் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பலகையிலும் தேக்கா என்றே மாற்றிவிட்டார்கள். சுவரும் கூரையும் வேறு, ஆனால் தேக்கா அதேதான்.

அப்படியானால் பாலாலயத்துப் பலகைக்கும் சிவபுரத்து நகலுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கப்போனால் பலகையைவிட நகல்தான் நடராஜர் மாதிரியே இருந்தது. உருவத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நகல்தான் ஜெயிக்கும்.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பாலாலயம் ஊரறிய நடக்கிறது. நாள் குறித்து, மேளம் கொட்டி, "சாமி இப்போது இங்கே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். சிவபுரத்தில் யாரும் சொல்லவில்லை. சாமியையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. நகல் செய்ததில் பாவம் இல்லை. மறைத்ததில்தான் பாவம். எவ்வளவுக்கெவ்வளவு நகல் துல்லியமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்தப் பொய் ஆழமாகிறது.

ஊர் இழந்தது ஒரு உலோகத் துண்டை மட்டும் இல்லை. உறவை இழந்தது. முன்னோர்கள் மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய அதே திருமேனியின் முன் நாமும் நிற்கிறோம் என்ற தொடர்ச்சியை அவர்களிடமிருந்து திருடினார்கள், திருட்டுப் போனதுகூடத் தெரியாமல்.

இதை நினைத்தபோது என் 'நல்ல யோசனை' எனக்கே கசந்தது. நான் செய்ய நினைத்ததும் ஒரு குட்டிச் சிவபுரம்தான். அவன் காசுக்காகச் செய்தான், நான் குடும்ப ஒற்றுமைக்காகச் செய்ய நினைத்தேன். அத்தையின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவர் யார் முன்னால் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அளக்காமல் விட்டால்?

"அப்போ இந்த வம்பே வேணாம், யாரும் சாமியை அளக்க வேணாம்" என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியில்லை. காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போயிருப்பார்கள். 2007இல் அந்த அரும்பொருளகம் உமா பரமேஸ்வரி திருமேனி ஒன்றை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் கடையிலிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பிறகுதான் தெரிந்தது, அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து களவு போன அம்மன் என்று. 2015இல் அரும்பொருளகம் அதை இந்தியாவுக்குத் திருப்பித் தந்தது. அதே ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அவர் 2014 செப்டம்பரில் திரும்பினார். 2022 நவம்பரில், வேறொரு கோயில் களவு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஸ்ரீபுரந்தான் சாமிகளை எப்படி அடையாளம் கண்டார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் ஒரு வடு, ஒரு வார்ப்புக் குறை, புதிய விற்பனைப் பட்டியலில் உள்ள படத்திலும் இருந்தால் மாட்டிக்கொண்டான். இப்படி ஒப்பிட்டுப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் இங்கே சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எஸ். விஜய்குமாரும் அனுராக் சக்சேனாவும் தொடங்கிய 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' இங்கிருந்துதான் இயங்கியது. அலுவலக வேலை முடித்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து படங்களை ஒப்பிடுகிற மாதிரியான தொண்டு அது.

படம் இல்லாத கோயில் எத்தனை? களவு போனாலும் "இது எங்க சாமி" என்று நிரூபிக்க வழியில்லாத ஊர் எத்தனை? மெழுகு முறையில் ஓர் அச்சுக்கு ஓர் உருவம் என்பதால் ஒவ்வொரு திருமேனியின் மேற்பரப்பும் ஒரு கைரேகை மாதிரி. தட்டைப் படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். ஒளிவருடி முழுக் கைரேகையையும் எடுத்துவிடும். அளந்து வைப்பது அபச்சாரம் இல்லை. அது காவல்.

ஆனால் அதே கைரேகைதான் திருடனுக்குச் சமையல் குறிப்பு. சிவபுரத்தில் ஒரு திறமையான கை தேவைப்பட்டது. இனிமேல் ஒரு கோப்பு போதும். அதனால் யார் அளக்கிறார்கள் என்பதைவிட, அளந்ததை யார் வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய் குழுவினர் ஃபுளோரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் அளந்தார்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. இத்தாலிய அதிகாரிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆய்வாளர்களுக்கு மட்டும் நிபந்தனையோடு தந்தார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு சிலைக்கே இவ்வளவு யோசித்தால், வழிபாட்டில் இருக்கும் ஒரு மூர்த்திக்கு நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்? அளப்பதென்றால் வஸ்திரமும் மாலையும் களைந்த நிலையில் அளக்க வேண்டும். அபிஷேக நேரத்தில் திரை போடுகிற மரபு நம்முடையது. கேட்காமல் கைப்பேசியை நீட்டுவது தொழில்நுட்பம் இல்லை, மரியாதைக்குறைவு.

ஒளி போகாத இடம்

என் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளி படாத இடத்தை ஒளிவருடி அளக்காது. மடிப்புக்குள், கைக்குப் பின்னால், ஆபரணத்தின் அடியில் எல்லாம் திரையில் ஓட்டை விழும். மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சுற்றியிருப்பதைப் பார்த்து ஊகித்து ஓட்டையை அடைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அளந்தது இல்லை, கற்பனை. நேர்மையான அளவைக்காரன் அந்த இடத்தை வேறு நிறத்தில் காட்டி, "இது நான் பார்த்தது இல்லை" என்று எழுதி வைப்பான்.

நாமும் வாழ்க்கையில் எத்தனை ஓட்டையை இப்படி அடைக்கிறோம்! பார்க்காததைப் பார்த்த மாதிரி, தெரியாததைத் தெரிந்த மாதிரி. சாமி விஷயத்தில் இன்னும் அதிகமாக. தீபாராதனையின்போது குருக்கள் தீபத்தைப் பாதத்திலிருந்து முகம்வரை மெதுவாகக் கொண்டுபோகிறார். ஒளி படப் பட உருவம் தெரிகிறது. பின்னால் இருக்கும் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. கருவறை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கொஞ்சம் தெரிந்தால் போதும் என்ற அடக்கமும் அங்கே ஒரு பாடம்.

அத்தை சொன்னது

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். என் திருட்டு யோசனையையும் சேர்த்துத்தான். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

நான் கேட்டேன்: "ரெண்டு நகல் செய்யலாம். ஆனா மூக்கை என்ன செய்ய? தேஞ்சபடியே வார்க்கவா, இல்ல கணினியில சரி பண்ணிடவா?"

அத்தைதான் பதில் சொன்னார். "தேஞ்ச மூக்கு எனக்கு வேணாம்டா. அது எங்கம்மா தேச்சது. எனக்கு முழு மூக்கோட ஒரு அம்மனைக் குடு. நான் தேச்சுக்கிறேன்."

அதற்குமேல் விவாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பாயியின் அம்மன் பெரியப்பா வீட்டில் இருக்கிறாள். நவராத்திரிக்கு எல்லோரும் அங்கே கூடுகிறோம். அத்தை வீட்டிலும் எங்கள் வீட்டிலும் புது அம்மன்கள். இரண்டின் பீடத்துக்கு அடியிலும் எந்த அம்மனைப் பார்த்து எந்த வருஷம் செய்தது என்று தமிழில் பொறித்திருக்கிறது. அளவுக் கோப்பு மூன்று வீட்டிலும் ஒவ்வொரு பிரதி. எதையும் யாரும் மறைக்கவில்லை.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. ஒரு முடி அளவும் வித்தியாசம் இல்லாமல் செய்தாலும், செய்த அன்றைக்கு அது உருவம்தான். நகல் என்று தெரிந்தே, சொல்லியே, ஒருவன் அதன் முன் விளக்கேற்றிவைத்து வருஷக்கணக்கில் நின்றால் அதில் சாமி வராது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மறைத்து வைத்தால், கும்பிடுபவனுக்குச் சாமி கிடைக்கலாம். வைத்தவனுக்குக் கிடைக்கமாட்டார்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் பழைய விக்கிரகத்தைப் பெரியவர்களிடம் கேட்டு வெளியே எடுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள், அடியையும் எடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யார் தேய்த்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். உருவத்தை எந்தக் கருவியும் அளந்துவிடும். மூக்கு ஏன் மழுங்கியது என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.